பலகையில் 6.10, பஸ் எப்போது?

கேள்வி: 2023 டிசம்பரில் சென்னை கிளாம்பாக்கம் பஸ் நிலையம் திறந்த பிறகு எங்கள் பக்கம் பஸ் தடங்கள் மாறிவிட்டன. நேரப் பலகையில் 6.10 என்றிருக்கிறது. என் நிறுத்தத்துக்கு எப்போது வரும்?
– வாசகி, பெருங்களத்தூர்

பதில்: அந்த 6.10 பஸ் கிளம்பும் இடத்து நேரம் அம்மா, உங்கள் நிறுத்தத்து நேரம் இல்லை. நான் என் நிறுத்தத்துக்கு மூன்று நாள் பஸ் வந்த நேரத்தை டிக்கெட்டின் பின்புறம் குறித்து வைத்தேன்: 6.24, 6.31, 6.26. இப்போது 6.20க்கே போய் நின்றுவிடுகிறேன். அப்புறம், தட எண்ணோடு ‘கட்’ என்றிருந்தால் ஏறாமல் முதலில் கேளுங்கள், அது முழுத் தூரம் போகாது. ‘சென்னை பஸ்’ செயலியில் வண்டி எங்கே வருகிறது என்று தெரியும். சரி, என் அம்மாவிடம் பட்டன் போன்தானே இருக்கிறது? ஒவ்வொரு நிறுத்தத்திலும் அந்த நிறுத்தத்து நேரத்தைப் பெரிய எழுத்தில் ஒட்டியே ஆக வேண்டும். மனு எழுதுங்கள், நானும் எழுதுகிறேன்.