முந்துவது எது, பிந்துவது எது? சுழற்சி வரைபடம்: வாசகர் கேள்விகள்

ஆர்.ஆர்.ஜி. (ஒப்பீட்டுச் சுழற்சி வரைபடம்) படத்தில் வங்கித் துறை பச்சைக் கட்டத்தில் இருக்கிறது. என் வங்கி ஃபண்டின் மதிப்போ குறைகிறதே? (குடியாத்தம்)

இரண்டும் சேர்ந்தே நடக்கும். நிஃப்டி 8 சதவீதம் விழும்போது வங்கிக் குறியீடு 3 சதவீதம் மட்டும் விழுந்தால், ஒப்பீட்டில் வங்கிதான் வலுவானது. ஜூலியஸ் டி கெம்பனேர் உருவாக்கிய இந்தப் படத்தில் கிடையச்சு ஒப்பீட்டு வலிமை, செங்குத்து அச்சு அந்த வலிமை மாறும் வேகம்; இரண்டுக்கும் நடு 100. இரண்டும் 100-க்கு மேல் என்றால் பச்சைக் கட்டம் (முந்துவது), இரண்டும் கீழே என்றால் சிவப்புக் கட்டம் (பிந்துவது). விலை எங்குமே இல்லை. ஆகவே வாராந்திர விலைச் சார்ட்டைப் பக்கத்தில் வைக்காமல் இதைப் பார்க்கவே கூடாது.

இதை எக்செலில் நானே போட முடியுமா? (ஆம்பூர்)

முடியும். அசல் சூத்திரம் முழுதாக வெளியிடப்படவில்லை, இது தோராயம். வாரக் கடைசி விலைகளை எடுங்கள். பங்கின் விலையை ‘நிஃப்டி 500’ குறியீட்டின் மதிப்பால் வகுத்து விகிதம் காணுங்கள். அந்த விகிதத்தை அதன் 10 வாரச் சராசரியால் வகுத்து 100-ஆல் பெருக்கினால் வலிமை. இந்த வார வலிமையை 4 வாரத்துக்கு முந்தைய வலிமையால் வகுத்து 100-ஆல் பெருக்கினால் வேகம். கடைசி 8 புள்ளிகளை ஸ்கேட்டர் சார்ட்டில் (புள்ளி வரைபடம்) இணைத்தால் வால், அதாவது புள்ளி நகர்ந்து வந்த பாதை, கிடைக்கும். இதற்குக் குறைந்தது 21 வாரத் தரவு வேண்டும்.

பெரும்பாலும் கோளாறு போனஸில்தான் வரும். 1:1 போனஸ் (ஒரு பங்குக்கு ஒரு இலவசப் பங்கு) வந்தால் விலை பாதியாகும்; பங்கு சட்டென்று சிவப்புக் கட்டத்தில் விழுந்ததாகத் தோன்றும். போனஸ், ஸ்பிளிட் (ஒரு பங்கைப் பலவாகப் பிரிப்பது) சரிக்கட்டிய விலையையே எடுங்கள். வெள்ளிக்கிழமை விடுமுறை என்றால் பங்கு, குறியீடு இரண்டுக்கும் வியாழன் விலை.

ஆர்.எஸ்.ஐ.யும் (ரிலேட்டிவ் ஸ்ட்ரெங்த் இண்டெக்ஸ்) இதுவும் ஒன்றா? (ஆற்காடு)

இல்லை. ஆர்.எஸ்.ஐ. ஒரு பங்கின் ஏற்ற இறக்கத்தை அதனுடனேயே அளக்கிறது. வேறு எதனோடும் ஒப்பிடாது.

தங்கத்தை நிஃப்டியோடு ஒப்பிட சவரன் விலை போதுமா? (வேலூர்)

கோல்டு ஈ.டி.எஃப். (பங்குபோல சந்தையில் வாங்கி விற்கும் தங்க ஃபண்ட்) விலையே நல்லது, நிஃப்டியைப் போல அதற்கும் சந்தையில் ரூபாய்க் கணக்கில் முடிவு விலை உண்டு. டாலர் விலைப் படம் வேண்டாம். 2024 ஜூலையில் இறக்குமதி வரி 15-லிருந்து 6 சதவீதமானபோது இங்கே விலை இறங்கியது; டாலர் படத்தில் அந்த வரிக் குறைப்பின் தடயம் தெரியாது.

கட்டம் மாறியதும் ஃபண்டை மாற்றலாமா? (ராணிப்பேட்டை)

அவசரம் வேண்டாம். தினசரிப் படத்தில் புள்ளி எல்லைக்கோட்டில் முன்னும் பின்னும் ஆடும். பங்கு ஃபண்டை 12 மாதத்துக்குள் விற்றால், 2024 ஜூலை 23 முதல் லாபத்தில் 20 சதவீத வரி. எக்ஸிட் லோடு (சீக்கிரம் விற்றால் ஃபண்ட் பிடிக்கும் கட்டணம்) இருந்தால் அது தனி. வாராந்திர வாலில் மூன்று நான்கு புள்ளிகள் ஒரே திசையில் போன பிறகு யோசியுங்கள்.