மாடி அறைக்கு வைஃபை எட்டவில்லை: பூஸ்டர் வாங்கலாமா?

கேள்வி: எங்கள் வீட்டில் ரவுட்டர் கீழ்த்தளத்தில் வாசலருகே இருக்கிறது. மாடி அறையில் வைஃபை அடிக்கடி துண்டிக்கப்படுகிறது. இணைப்புக் கொடுத்தவர், அதிக வேகத் திட்டத்துக்கு மாறி, பூஸ்டர் ஒன்றும் வாங்கச் சொல்கிறார். வாங்கலாமா?

பதில்: இப்போதைக்கு இரண்டுமே வேண்டாம். திட்டத்தின் வேகம் வெளியிலிருந்து ரவுட்டர் வரை வந்து சேரும் வேகம் மட்டுமே. அங்கிருந்து மாடிக்குப் போகும் சிக்னலைக் கான்கிரீட் தளம் தடுக்கிறது என்றால், எவ்வளவு பணம் கட்டினாலும் தடுக்கத்தான் செய்யும். கேபிள் வாசல் வழியே நுழைகிறது என்ற ஒரே காரணத்துக்காக ரவுட்டரையும் அங்கேயே மாட்டிவிட்டு, வேலை முடிந்தது என்று கையெழுத்து வாங்கிச் செல்லும் வழக்கம் என்றுதான் ஒழியுமோ தெரியவில்லை. ரவுட்டரை மாடிப்படிக்கு அருகில், உயரமான இடத்தில், இரும்பு பீரோ மறைக்காதபடி வையுங்கள். மாடியில் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இணையுங்கள்; 5 கிகாஹெர்ட்ஸ் வேகமானது, ஆனால் சுவர்களைத் தாண்டுவதற்குள் வலுவிழந்துவிடும். 2.4-இல் 1, 6, 11 ஆகிய சானல்களில் (அலைவரிசையின் உட்பிரிவுகள்) நெரிசல் குறைந்ததைத் தேர்ந்தெடுங்கள்.

அப்படியும் எட்டாவிட்டால், மாடிக்கு ஒரு கேட் 5இ வகை நெட்வொர்க் கேபிள் இழுத்து, அதன் முனையில், கேபிளில் வருவதை வைஃபையாகப் பரப்பும் ஆக்சஸ் பாயின்ட் வைப்பதே சரியான வழி. அந்தக் கேபிள் 100 மீட்டர் வரை விநாடிக்கு 1 கிகாபிட் வேகத்தைத் தாங்கும். பழைய ரவுட்டர் இருந்தால் அதுவே போதும்: அதன் ஐபி முகவரியை (நெட்வொர்க்கில் அதன் அடையாள எண்) முதல் ரவுட்டருடன் மோதாதபடி மாற்றி, மற்றக் கருவிகளுக்கு அத்தகைய முகவரிகளை வழங்கும் டிஹெச்சிபியை அணைத்து, கேபிளை வான் போர்ட்டில் (இணையம் நுழையும் துளை) அல்லாமல் லேன் போர்ட்டில் (வீட்டுக் கருவிகளுக்கான துளை) செருகுங்கள்.

பூஸ்டர் என்ற பெயரில் தலையில் கட்டப்படுவது பெரும்பாலும் ரிப்பீட்டர்தான். அது சிக்னலை ஒரே சானலில் வாங்கி அதே சானலில் திருப்பி அனுப்புவதால், வேகம் ஏறக்குறைய பாதியாகிவிடும். சுவரில் துளையிட வழியே இல்லாத வாடகை வீடு என்றால் மட்டும் அதை ஏற்கலாம். அப்போதும் இரு அலைவரிசைக் கருவியாகப் பார்த்து வாங்குங்கள். ஒன்றில் ரவுட்டருடனும் மற்றொன்றில் உங்கள் கைபேசியுடனும் அது பேசினால் வேக இழப்பு குறையும். அதைச் சிக்னல் வராத அறைக்குள் வைத்துப் பயனில்லை, ஏனெனில் தனக்கு வராததை அது தர முடியாது. சிக்னல் இன்னும் நன்றாகக் கிடைக்கும் படிக்கட்டுத் திருப்பத்தில் வையுங்கள்.

இன்னொன்று, இதைத் தயவுசெய்து தள்ளிப்போடாதீர்கள். ரவுட்டரை அமைத்துக் கொடுத்தவருக்கு அதன் நிர்வாகக் கடவுச்சொல் தெரியும். பல வீடுகளில் அது பெட்டியில் வந்தபடியே இருக்கிறது. அவர் கிளம்பியதும் அதையும் வைஃபை கடவுச்சொல்லையும் மாற்றி, பாதுகாப்பு முறையாக டபிள்யூபிஏ3-ஐ, அது இல்லையெனில் டபிள்யூபிஏ2-ஐத் தேர்ந்தெடுத்து, வைஃபை கடவுச்சொல் இல்லாமலே பொத்தானாலோ பின் எண்ணாலோ இணையவிடும் டபிள்யூபிஎஸ் வசதியை அணைத்துவிடுங்கள்.