கல்யாண மண்டபமா, கப்பலா?

வணக்கம் ஐயா.

என் அப்பா துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். சிங்கப்பூர் போகும் ‘சிதம்பரம்’ கப்பலுக்குச் சரக்கு ஏற்றியதை இன்றும் பெருமையாகச் சொல்வார். சென்ற வாரம் என் மகன் ‘ஐகான் ஆஃப் தி சீஸ்’ கப்பலின் காணொலியைக் காட்டினான். நீர்ச்சறுக்கு, கடைத்தெரு, தோட்டம் எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, “இது கப்பலா, கல்யாண மண்டபமா? கப்பல் என்றால் அந்தக் காலத்துக் கப்பல்தான்” என்றார். ஐம்பது ஆண்டுகளில் கப்பல் ஏன் இப்படி மாறியது? இத்தனை உயரம் கவிழாதா? இது சென்னைக்கு வருமா?

செல்வம், ராயபுரம்

அன்புள்ள செல்வம்,

அப்பா சொன்னதில் பாதி சரி. ‘ஐகா’னை நடத்தும் ராயல் கரீபியன் நிறுவனத்தின் கப்பல்களை வரிசையாகப் பார்த்தாலே மாற்றம் விளங்கிவிடும். 1970இல் மயாமியிலிருந்து கிளம்பிய அதன் முதல் கப்பல் ‘சாங் ஆஃப் நார்வே’, 168 மீட்டர் நீளம். அறைகள் மிகச் சிறியவை. பயணி பகல் முழுவதும் மேல்தளத்தில் வெயிலிலும் கடற்காற்றிலும் இருப்பார், அறைக்குத் தூங்க மட்டும் போவார் என்பது கணக்கு.

கூட்டம் பெருகியதும் 1978இல் அவர்கள் செய்த காரியத்தை உங்கள் அப்பா ரசிப்பார். ஹெல்சிங்கியில் கப்பலை நடுவில் குறுக்காக அறுத்தார்கள். இரு பாதிகளையும் விலக்கி, தனியாகக் கட்டி வைத்திருந்த சுமார் 26 மீட்டர் துண்டை இடையில் நுழைத்துப் பற்றவைத்தார்கள். எஞ்சின் அதே, மாலுமிகளும் ஏறக்குறைய அதே அளவு. அறைகள் மட்டும் கூடின. பெரிய கப்பலில் ஆள் ஒன்றுக்கு ஆகும் செலவு குறையும் என்ற கணக்குத்தான் அதன் பிறகு எல்லாவற்றையும் நடத்தியது.

1988இல் வந்த ‘சாவரின் ஆஃப் தி சீஸ்’ 73,000 டன். நடுவில் பல தளங்களை ஊடுருவி நிற்கும் கூடம், கண்ணாடி லிஃப்ட். அங்கேதான் கப்பல் உள்பக்கம் திரும்பத் தொடங்கியது என்பேன். 1999இல் ‘வாயேஜர்’ வந்தபோது நடுவே ஒரு கடைத்தெருவும் பனிச்சறுக்குத் தளமும் இருந்தன. கடலைப் பார்க்காமல் அந்தத் தெருவைப் பார்க்கும் ஜன்னல்கள் கொண்ட அறைகளையும் விற்றார்கள். வாங்க ஆள் இருந்தது! 2009இல் ‘ஓயாசிஸ்’ கப்பலை நெடுக்காகப் பிளந்ததுபோல் கட்டி, நடுவில் வானம் தெரியும்படி உயிர்ச்செடிகள் கொண்ட பூங்கா வைத்தார்கள். 2024இல் வந்த ‘ஐகான்’ 365 மீட்டர் நீளம், ஏறத்தாழ 2,48,000 டன். நிறைந்தால் 7,600 பயணிகள். ஊர் ஊராகப் போய்ப் பார்க்கக் கப்பல் ஏறிய காலம் போய், கப்பலையே பார்க்கக் கப்பல் ஏறும் காலம் வந்துவிட்டது. மண்டபம் என்று அப்பா சொன்னது இந்த இடத்தில் பொருந்துகிறது.

இந்த வரிசையின் நடுவிலிருந்து ஒரு கப்பலை நம் ஊரே பார்த்திருக்கிறது. 2022 ஜூனில் சென்னையிலிருந்து பயணம் தொடங்கிய, கார்டிலியா என்ற உல்லாசக் கப்பல் நிறுவனத்தின் ‘எம்பிரஸ்’, 1990இல் இதே ராயல் கரீபியனுக்காக ‘நார்டிக் எம்பிரஸ்’ என்ற பெயரில் பிரான்சில் கட்டப்பட்டது. மூன்று, நான்கு இரவு உல்லாசப் பயணங்களுக்கென்றே திட்டமிட்ட கப்பல். ‘ஐகா’னோடு ஒப்பிட்டால் அளவில் ஐந்தில் ஒரு பங்குதான்.

கவிழாதா என்று கேட்டீர்கள். கப்பலுக்குச் சொல்லும் அந்த டன் எடையல்ல, உள்ளே அடைபட்ட இடத்தின் அளவு. மேலே தெரியும் மாடிகளில் பெரும்பகுதி வெற்றிடம். எஞ்சின்கள், எரிபொருள், தண்ணீர் என்று கனமானவை எல்லாம் அடியில் கிடக்கின்றன. அகலமும் கூடியிருக்கிறது: ‘சாங் ஆஃப் நார்வே’ சுமார் 24 மீட்டர், ‘ஓயாசிஸ்’ நீர்மட்டத்தில் 47 மீட்டர். நீருக்குள் இறங்கும் ஆழமோ ஏழு மீட்டருக்குச் சற்றுக் குறைவாக இருந்து ஒன்பதேகால் ஆகியிருக்கிறது, அவ்வளவுதான். கவிழாமல் தாங்குவது அந்த அகலமும் அடியில் கிடக்கும் கனமும்தான்.

ஆனால் “கப்பல் என்றால் அந்தக் காலத்துக் கப்பல்தான்” என்பதை நான் ஏற்கமாட்டேன். ‘சிதம்பர’த்துக்கு முன் இதே மதராஸிலிருந்து பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் போய்க்கொண்டிருந்த ‘ராஜுலா’ 1926இல் கட்டியது, 8,500 டன்கூட இல்லை. அதில் தொடக்கத்தில் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட தளப் பயணிகளை, அதாவது அறையில்லாமல் கப்பல் தளத்திலேயே படுத்துப் போகிறவர்களை, ஏற்ற உரிமம் இருந்தது. ‘ஐகா’னில் முப்பதில் ஒரு பங்கு இடம், அதன் கூட்டத்தில் மூன்றில் இரண்டு பங்கு ஆட்கள்! தகரப் பெட்டியைத் தலைமாட்டில் வைத்து, பாய் விரித்து, பக்கத்தில் ஒருவர் வாந்தி எடுக்க, நாள் கணக்கில் கிடந்து போனவர்கள் கடலை அழகு பார்த்திருப்பார்கள் என்று தோன்றவில்லை. அந்தக் கப்பலின் கம்பீரம் கரையில் நின்று பார்த்தவர்களுக்கும் மேல் வகுப்பு டிக்கெட் வாங்கியவர்களுக்கும் உரியது. மண்டபத்தில் குறைந்தபட்சம் எல்லாருக்கும் கட்டில் இருக்கிறது.

‘ஐகான்’ சென்னைக்கு வருமா? ஆழம் தடையில்லை, அதைவிட ஆழம் கேட்கும் சரக்குக் கப்பல்கள் இங்கே அன்றாடம் வந்து போகின்றன. சிக்கல் கரையில்தான். ஒரே நாளில் 7,600 பேரை இறக்கிப் பெட்டிகளைக் கொடுத்து, வேறு 7,600 பேரைச் சோதித்து ஏற்ற வேண்டும். இத்தனை பேருடைய டாக்சிகள் ராஜாஜி சாலையில் எங்கே நிற்கும் என்று உங்கள் அப்பாவிடமே கேளுங்கள். கன்டெய்னர் லாரிகளுக்கே அந்தப் பக்கம் இடம் போதாது.