கடைக் கணக்குப் பாத்ததும் அனுபவம்தான்

கேள்வி: அக்கா, யாழ்ப்பாணம் ஏ.டி.ஐ.யில (உயர் தொழில்நுட்ப நிறுவனம்) எச்.என்.டி.ஏ (கணக்கியல் உயர் தேசிய டிப்ளோமா) முடிச்சுப்போட்டு வீட்டில இருக்கிறன். கணக்கு வேலை எண்டு பேப்பரில, ஃபேஸ்புக்கில கண்ட எல்லாத்துக்கும் சிவி அனுப்பிப் பாத்திட்டன், ஒருத்தரும் இன்டர்வியூவுக்குக் கூப்பிடேல்லை. அனுபவம் இல்லாததாலயோ? என்ர சிவியையும் சேர்த்து அனுப்பியிருக்கிறன்.
(வாசகி, சுன்னாகம்)

பதில்: தங்கச்சி, உங்கட சிவியை வடிவா வாசிச்சன். அனுபவம் இருக்கு, நீங்கள்தான் அதை ஒளிச்சு வைச்சிருக்கிறியள். கடைசிப் பக்கத்தில பொழுதுபோக்கு எண்டதுக்குக் கீழ, மாமான்ர ஹார்ட்வெயார் கடையில கணக்குப் பாக்கிறனான், சனசமூக நிலையத்தில பொருளாளர் எண்டு ஒரே வரியில முடிச்சிருக்கிறியள். அது பொழுதுபோக்கே பிள்ளை? எங்கட ஆக்களுக்கு நியமனக் கடிதமும் சம்பளமும் இருந்தால்தான் வேலை எண்டொரு நினைப்பு, அதாலதான் கனபேர் வருசக்கணக்காச் செய்ததைக்கூட எழுதாமல் விடுகினம். அதை முதல் பக்கத்துக்குக் கொண்டு வாங்கோ. கணக்குப் பாத்தன் எண்டு மட்டும் போட்டால் காணாது, என்ன செய்தனீங்களெண்டு சொல்லுங்கோ: நாளாந்தம் கேஷ் புக் எழுதினதோ, மாசக் கடைசியில பாங்க் ஸ்டேட்மென்ட்டோட ஒப்பிட்டுச் சரிபாத்ததோ, கடனுக்குச் சாமான் எடுத்த ஆக்களின்ர நிலுவையை எக்செல்லில வைச்சிருந்ததோ, எது உண்மையோ அதை மட்டும்.

பேந்து, மேல இருக்கிற அந்த இங்கிலீஸ் பந்தியை எடுத்துவிடுங்கோ. கொமினிகேசன் கடையில அடிச்சுத் தாற அதே பந்திதான், கனபேற்ற சிவியில சொல்லுப் பிசகாமல் கிடக்கு, வாசிக்கிறவைக்கு அதில உங்களைப் பற்றி ஒண்டும் தெரியவராது. தகப்பன்ர பேர், சமயம், கலியாணம் கட்டினதோ இல்லையோ எண்டதெல்லாம் பிரைவேட் கொம்பனிக்கு என்னத்துக்கு?

விளம்பரத்தைப் பக்கத்தில வைச்சுக்கொண்டு எழுதுங்கோ. குவிக்புக்ஸ் எண்ட கணக்கு சொஃப்ட்வெயார் தெரிஞ்ச ஆள் வேணும், ஸ்டொக் பாக்கத் தெரிய வேணும் எண்டு கேட்டிருந்தால் கவரிங் லெட்டரில அந்த ரெண்டுக்கும் நேரா மறுமொழி இருக்க வேணும், குவிக்புக்ஸ் தெரியாட்டி தெரியுமெண்டு போடாதேங்கோ, கம்பியூட்டருக்கு முன்னால இருத்திச் செய்து காட்டச் சொன்னால் என்ன செய்வியள்? ஈமெயிலையும் வெறுமையா அனுப்பாமல் சப்ஜெக்டில வேலையின்ர பேரைப் போட்டு, உள்ளுக்கு நாலு வரி எழுதி, சிவியைப் பிடிஎஃப்பா, உங்கட பேரில சேவ் பண்ணி அனுப்புங்கோ.

ரெபரியா, அதாவது உங்களைப் பற்றி விசாரிச்சால் சொல்லுற ஆளா, மாமாவைப் போட்டிருக்கிறியள். சொந்தக்காரர் வேண்டாம். படிப்பிச்ச லெக்சரர் ஒருவரிட்டக் கேட்டு, அவர் ஓமெண்டு சொன்னாப் பிறகு போடுங்கோ. சொல்லாமல் கொள்ளாமல் பேரைப் போட்டால், கோல் வரேக்க அவர் ஆரெண்டு முழிப்பார்.

கேள்வி: வர்த்தமானியில வாற அரசாங்க வேலைக்கும் இப்பிடி எங்கட பாட்டில எழுதலாமோ?
(வாசகர், பருத்தித்துறை)

பதில்: கூடாது தம்பி. அங்க மாதிரிப் படிவம் எப்பிடி இருக்கோ அதே ஒழுங்கில, அதே இலக்கத்தோட நிரப்ப வேணும், ஒரு வரிகூடக் கூட்டவோ குறைக்கவோ வேண்டாம். வெள்ளிக்கிழமைகளில வர்த்தமானி வரும், அறிவித்தலை முழுக்க வாசியுங்கோ, பதிவுத் தபால் எண்டிருந்தால் பதிவுத் தபால்தான், கவரின்ர இடது பக்க மேல் மூலையில பதவியின்ர பேரை எழுதச் சொல்லியிருந்தால் மறக்காதேங்கோ. இப்பவே அரச சேவையில இருக்கிறியளெண்டால் திணைக்களத் தலைவர் ஊடாக அனுப்ப வேண்டிவரும், அந்தக் கையெழுத்துக்கே நாள் போயிடும், அதால முதல் கிழமையே குடுங்கோ. முடிவு திகதிக்குள்ள அங்க போய்ச் சேர வேணும், தபால்கந்தோர் ரிசிட்டையும் எறியாமல் வைச்சிருங்கோ.