யோனாவின் கோபம்

அன்புள்ள ஐயா,

சென்ற ஞாயிறு எங்கள் சபையில், பைபிளில் வரும் யோனா தீர்க்கதரிசியைப் பற்றிப் பிரசங்கம். என் கணவரின் தம்பி, எங்களுக்கு வரவேண்டிய வீட்டைப் பொய்க் கையெழுத்துப் போட்டுத் தன் பெயருக்கு மாற்றிக்கொண்டவர். இப்போது இரட்சிக்கப்பட்டுவிட்டதாகச் சாட்சி சொல்கிறார். சபையே கண் கலங்குகிறது. நான் மட்டும் அவர் எங்கே உளறுவார் என்று பார்த்துக்கொண்டிருக்கிறேன். போதகர் என்னைக் கூப்பிட்டு, "யோனா மாதிரி இருக்காதீர்கள், கடவுளே மன்னித்துவிட்டார்" என்கிறார். பழைய ஏற்பாட்டுக் கடவுள் கோபக்காரர், இயேசுதான் அன்பானவர் என்று நினைத்திருந்தேன். ஒரே குழப்பம். மீன் வயிற்றில் மூன்று நாள் உயிரோடு இருக்க முடியுமா என்று மகன் வேறு கேட்கிறான். யோனாவிடம் நான் கற்கவேண்டியது என்ன?

(பெயர் வேண்டாம்)

அன்புள்ள சகோதரிக்கு,

மீனை விட்டுவிடுவோம். யோனா புத்தகத்தின் 48 வசனங்களில் மீன் வருவது மூன்றே வசனத்தில். சிறுவயதில் விபிஎஸ் என்கிற விடுமுறை வேதாகமப் பள்ளி நாடகத்தில் நான் அந்த மீனின் வாலைப் பிடித்திருந்தவன். மூங்கில் பிளாச்சில் கோணி கட்டிய மீன். யோனா வெளியே உருண்டு விழுந்ததும் கைதட்டல், திரை. யோனா போகவேண்டிய நினிவே நகரம் வரவே இல்லை. இன்றைக்கும் பாதிப் பிரசங்கங்கள் அங்கேதான் முடிகின்றன.

அப்புறம், பழைய ஏற்பாட்டுக் கடவுள் கோபக்காரர் என்று யார் சொல்லிக் கேட்டீர்கள்? சபைக்குப் போகிறவர் எழுதுகிற வரியா இது? யோனாவின் புகாரே கடவுளுக்குக் கோபம் போதவில்லை என்பதுதான். நாலே அதிகாரம். காபி ஆறுவதற்குள் படித்துவிடலாம். படித்துவிட்டு எழுதியிருக்கலாம்.

உங்கள் கடிதம் வந்தபோது நான் லாகீஸ் சிற்பங்களின் படங்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கி.மு. 701இல் அசீரிய மன்னன் சனகெரிப் யூதேயாவின் லாகீஸ் நகரத்தைப் பிடித்து, அந்த வெற்றியை நினிவேயில் தன் அரண்மனைச் சுவர்களில் செதுக்கி வைத்தான். இப்போது அவை லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கின்றன. ஓரிடத்தில் ஆட்களைக் கழுவில் ஏற்றுகிறார்கள், இன்னோரிடத்தில் தரையில் கிடத்தித் தோலை உரிக்கிறார்கள். இவற்றுக்கு நடுவே ஒரு மாட்டுவண்டி. மூட்டை முடிச்சுகளின் மேல் பெண்களும் பிள்ளைகளும் உட்கார்ந்து ஊரைவிட்டுப் போகிறார்கள். செய்த கொடுமையை மறைக்கிறவர்களைப் பார்த்திருக்கிறோம். இவர்கள் வீட்டுச் சுவரில் வைத்து அழகு பார்த்தார்கள்.

அந்த நினிவேக்குத்தான் போய் எச்சரிக்கச் சொல்கிறார் கடவுள். யோனா வேறு பக்கம் ஓடி, மீன் வயிற்றில் கிடந்து, கடைசியில் போய்ச் சொல்கிறார். ஊரே இரட்டு என்கிற சாக்குத்துணி உடுத்தி, உபவாசமிருந்து திருந்துகிறது. கடவுளும் அழிக்காமல் விட்டுவிடுகிறார். இஸ்ரவேல் அரசன் இரண்டாம் யெரொபெயாம் காலத்துத் தீர்க்கதரிசி யோனா, கி.மு. எட்டாம் நூற்றாண்டு, வட இஸ்ரவேல்காரர். அதே நூற்றாண்டில், 722 வாக்கில், அசீரியர்கள் வட இஸ்ரவேலின் தலைநகரான சமாரியாவைப் பிடித்தார்கள். யோனாவின் நாடு அதோடு சரி. இந்தப் புத்தகம் எழுதப்பட்டது அதற்கும் வெகுகாலம் பின்னால், யூதர்கள் பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போன காலத்துக்கும் பிறகு என்பது ஆய்வாளர்களில் பெரும்பாலோர் கருத்து. அப்படியானால் இதை முதலில் கேட்டவர்களின் நிலைமையை யோசித்துப் பாருங்கள். நினிவே தப்பித்தது என்று வாசிக்கிறார்கள். தப்பித்த நினிவே பிற்பாடு யாரை அழித்தது என்பதும் அவர்களுக்குத் தெரியும். கடவுளின் இரக்கத்துக்கான விலையை அவர்களுடைய பாட்டன் பூட்டன்கள் கொடுத்திருக்கிறார்கள்.

அதனால் யோனாவை முரட்டுப் பிள்ளை, கீழ்ப்படியாதவர் என்று பிரசங்கம் செய்தால் எனக்குப் பொறுக்காது. பயந்து ஓடினவர் இல்லை அவர். எதற்கு ஓடினேன் என்று அவரே சொல்கிறார்: நீர் இரக்கமும் மன உருக்கமும் உள்ளவர் என்று எனக்குத் தெரியும், அதனால்தான் ஓடினேன். மன்னித்துத் தொலைப்பீர் என்று தெரிந்தே ஓடியிருக்கிறார். இப்படி முகத்துக்கு நேராகப் பேசின மனிதரைக் கடவுள் என்ன செய்தார்? இடி விழவில்லை. "நீ எரிச்சலாயிருக்கிறது நல்லதோ?" என்று கேட்கிறார். வெயிலில் உட்கார்ந்திருப்பவருக்கு ஓர் ஆமணக்குச் செடியை முளைக்க வைக்கிறார். மறுநாள் பூச்சி அரித்து அது பட்டுப்போகிறது. மறுபடியும் அதே கேள்வி. செத்தாலும் எரிச்சல்படுவேன் என்கிற அர்த்தத்தில் பதில் சொல்கிறார் யோனா. அதற்கும் தண்டனை இல்லை. வலது கை எது இடது கை எது என்று அறியாத இலட்சத்து இருபதினாயிரத்துக்கும் மேற்பட்ட ஜனங்களும், அநேக மிருகஜீவன்களும் இருக்கிற ஊருக்காக நான் பரிதபிக்க வேண்டாமா என்று கடவுள் கேட்கிறார். அந்தக் கேள்வியோடு புத்தகம் முடிந்துவிடுகிறது.

நான்கு அதிகாரத்தையும் புரட்டிப் பாருங்கள். "நீயும் நினிவேயை மன்னித்துவிடு" என்று கடவுள் ஓரிடத்திலும் சொல்லவில்லை. இரக்கப்படுவது நான் என்கிறார், அவ்வளவுதான். யோனா என்ன பதில் சொன்னார் என்று எழுதியவர் எழுதவில்லை. உங்கள் போதகர் அவசரப்பட்டு அவர் சார்பில் எழுதிக் கொடுக்கிறார். அந்த ஆமணக்கு நிழலும் கடவுளின் இரக்கம்தானே, அது யாருக்குக் கிடைத்தது என்று அவரிடம் கேளுங்கள்.

அதற்காக உங்களையும் சும்மா விடுவதாக இல்லை. யோனா ஊருக்கு வெளியே குடிசை போட்டு, நகரத்துக்கு என்ன ஆகிறது பார்ப்போம் என்று உட்கார்ந்திருந்தார். நீங்கள் ஞாயிறுதோறும் சபையில் போட்டு உட்கார்ந்திருப்பதும் அதே குடிசைதான். உடம்புக்கு ஆகாது அம்மா. உங்கள் கொழுந்தனின் சாட்சி நிஜமா நடிப்பா என்று கண்டுபிடிக்கும் வேலையை யாரும் உங்களுக்குத் தரவில்லை.

பார்க்க வேண்டியது வேறு. யூதர்கள் யோம் கிப்பூர் என்கிற பாவநிவாரண உபவாச நாளின் பிற்பகலில் யோனாவை வாசிக்கிறார்கள். நினிவேக்காரர்களைப் பற்றி யூதர்களின் பழைய வேத அறிஞர்களான ரபிகள் நுட்பமாக ஒன்று கவனித்தார்கள்: கடவுள் அவர்கள் இரட்டு உடுத்தியதையும் உபவாசத்தையும் கண்டார் என்று வசனத்தில் இல்லை, அவர்கள் கிரியைகளைக் கண்டார் என்றே இருக்கிறது. என்ன கிரியை? திருடிய உத்தரத்தை வைத்து மாளிகையே கட்டியிருந்தாலும், மாளிகையை இடித்து உத்தரத்தை உரியவனிடம் திருப்பிக் கொடுத்தார்களாம். ரபிகளின் விளக்கங்களைத் தொகுத்த தல்மூதில் இருக்கிறது.

வீடு இப்போது யார் பெயரில் இருக்கிறது என்று நீங்கள் எழுதவில்லையே. இந்த வாரமே ஒரு வில்லங்கம் போட்டுப் பாருங்கள்.