நாகையில் பிறந்த ரயில் திருச்சிக்குப் போன கதை

கேள்வி: பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு திருச்சி ரயில்வே அருங்காட்சியகத்துக்குப் போனோம். எங்கள் பக்கத்து முதல் ரயில் பாதை நாகப்பட்டினத்தில்தான் தொடங்கியது என்கிறார்கள். அப்புறம் ஏன் ஐயா எல்லாம் திருச்சிக்குப் போயிற்று?
– வாசகி, திருவாரூர்

பதில்: நல்ல ஆளிடம்தான் கேட்டீர்கள் அம்மா. என் தாத்தா நாகை ரயில்வே பட்டறையில் ஃபிட்டர்.

1861-ல் கிரேட் சதர்ன் ஆஃப் இந்தியா கம்பெனி நாகையிலிருந்து தஞ்சாவூருக்கு ரயில் விட்டது. அடுத்த ஆண்டே திருச்சி வரை வந்துவிட்டது. தண்டவாளமும் எஞ்சினும் இங்கிலாந்திலிருந்து கப்பலில் வந்த காலம் அது; போகும் கப்பலுக்குக் காவிரிக்கரை நெல் இருந்தது. வேறெங்கே தொடங்குவான் வெள்ளைக்காரன்?

1874-ல் இந்தக் கம்பெனியும் கர்நாடிக் ரயில்வேயும் சேர்ந்து தென்னிந்திய ரயில்வே ஆயின. உடனே, போட்டிருந்த அகலப்பாதையைப் பெயர்த்துவிட்டு அதைவிடக் குறுகலான மீட்டர்கேஜ் போட்டார்கள். செலவு மிச்சமாம். நம் காலத்தில் மறுபடி அகலப்பாதை! அதை விடுங்கள்.

நாகைக்கு நெல் மட்டுமா வந்தது? ஆளும் வந்தார்கள். மலாயாத் தோட்டங்களுக்குப் போன கூலிகள் ரயிலில் வந்து இறங்கி, டிப்போவில் காத்திருந்து, பினாங்குக் கப்பல் ஏறினார்கள். அருங்காட்சியகத்தில் எஞ்சினைக் காட்டும்போது இதையும் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்.

சரி, கேள்விக்கு வருகிறேன். பாதை தூத்துக்குடி, சென்னை என்று நீள நீள, நாகை ஒரு கோடியில் ஒதுங்கிவிட்டது. திருச்சியோ நடுவில். 1920-களில் திருச்சியை ஒட்டிய பொன்மலையில் பெரிய பட்டறை கட்டி நாகை, போத்தனூர் பட்டறைகளை அங்கே கொண்டுபோனார்கள். கூடவே ஆட்குறைப்பும் வந்தது. வேலை தெரியுமா என்று பரீட்சை வைத்துக் கழிக்கப் பார்த்ததில் 1928 ஜூலையில் தென்னிந்திய ரயில்வே முழுக்க வேலைநிறுத்தம். தொழிற்சங்கத் தலைவர் சிங்காரவேலர் சிறைக்குப் போனது அதில்தான்.

தாத்தா குடும்பத்தோடு பொன்மலைக்கு வந்தார். வெயிலைக்கூடப் பொறுத்துக்கொண்ட பாட்டி, நல்ல மீன் கிடைக்காததை மட்டும் கடைசிவரை மன்னிக்கவில்லை. ரயில்வேக்காரர்கள் என்றால் மாதச் சம்பளம், குவார்ட்டர்ஸ் என்று ஊரார் பொறாமைப்படுவார்கள். ஆனால் பட்டறையை நம்பி நாகையில் கடை வைத்திருந்தவர்களுக்கு யார் குவார்ட்டர்ஸ் கொடுத்தார்கள்? பட்டறை போனால் சம்பளநாள் வியாபாரமும் கூடவே போய்விடும். ரயில் வந்து வளர்ந்த ஊரைப் பற்றி எல்லோரும் எழுதுவார்கள். பட்டறை போன ஊரைப் பற்றி நாகைக்காரர்கள்தான் எழுத வேண்டும். உங்கள் வீட்டில் ரயில்வேயில் வேலை பார்த்த பெரியவர் யாராவது இருந்தால் முதலில் அவரிடம் உட்காருங்கள், அம்மா.