அவளுக்கு ஞாபகமில்லையாம்

அன்புள்ள சார்,

ஏழாம் வகுப்பிலிருந்து பத்து வரை விடுதியில் தங்கிப் படித்தவன் நான். வருகைப் பதிவேட்டில் என் பெயருக்கு அடுத்த பெயர் அவளுடையது, அதனால் லேபிலும் பரீட்சை ஹாலிலும் எப்போதும் பக்கத்தில்தான். பெற்றோர் பார்க்க வரும் ஒரு ஞாயிறன்று என் வீட்டிலிருந்து யாரும் வரவில்லை. படிக்கட்டில் உட்கார்ந்திருந்தேன். அவள் தன் அப்பா அம்மாவை விட்டுவிட்டு வந்து என் கணக்கு நோட்டைக் கேட்டு வாங்கி, பக்கத்தில் உட்கார்ந்து சும்மா புரட்டிக்கொண்டிருந்தாள். அவ்வளவுதான் நடந்தது. முப்பது வருடமாக அது மனதில் இருக்கிறது. போன மாதம் பழைய மாணவர் வாட்ஸப் குழுவில் அவள் சேர்ந்தாள். தயங்கித் தயங்கிக் கேட்டேன். "அப்படியா, எனக்கு ஞாபகமே இல்லையே" என்றாள். எல்லாம் நானாகக் கற்பனை செய்துகொண்டதா? மனைவியிடம் சொன்னால் சிரிக்கிறாள்.

ஆர்.

அன்புள்ள ஆர்.,

கற்பனையாக இருக்காது. காதலைக் கற்பனை செய்கிறவன் கணக்கு நோட்டோடு நிறுத்திக்கொள்ள மாட்டான்.

ஓரங்கள் கொஞ்சம் மாறியிருக்கலாம், அது எல்லாருக்கும் நடப்பதுதான். பிரெடெரிக் பார்ட்லெட் என்ற உளவியலாளர் பழக்கமில்லாத ஒரு நாட்டுப்புறக் கதையைப் படிக்கக் கொடுத்து, இடைவெளி விட்டு விட்டுத் திருப்பிச் சொல்லச் சொன்னார். சொல்லச் சொல்லக் கதை சொல்கிறவருக்குப் பழகிய வடிவத்துக்கு நகர்ந்துகொண்டே போனது. 1932லேயே இதைப் புத்தகமாக எழுதிவிட்டார். நீங்கள் முப்பது வருடமாக உங்களுக்கே திருப்பித் திருப்பிச் சொல்லிவந்திருக்கிறீர்கள். அவள் ஒரு தடவைகூடச் சொல்லிப் பார்த்திருக்க மாட்டாள்.

பதிவேட்டைப் பற்றி எழுதியிருந்தீர்களே, அது எனக்குப் பிடித்திருந்தது. அமெரிக்காவில் மேரிலாந்து மாநிலப் போலீஸ் பயிற்சிப் பள்ளியில் அறையும் இருக்கையும் பெயரின் அகரவரிசைப்படி ஒதுக்கியிருந்தார்கள். அங்கே யார் யாருக்கு நண்பர் என்று மேடி சீகல் என்ற ஆய்வாளர் விசாரித்தார், 1974ல் வெளியான ஆய்வு. பெயர்வரிசையில் பக்கத்தில் இருந்தவர்களே பெரும்பாலும் நண்பர்களாகியிருந்தார்கள். வளர்ந்த போலீஸ்காரர்களுக்கே அந்தக் கதி என்றால், வீட்டை விட்டு வந்த பன்னிரண்டு வயசுப் பையனுக்கு வேறென்ன ஆகும்? இதனால் உங்கள் பிரியம் மலிவாகிவிடாது. யாரோ ஒரு குமாஸ்தா எழுதிய வரிசை உங்களை அவள் பக்கத்தில் உட்கார வைத்தது, அதற்கு அப்புறம் நடந்ததற்கு அவர் பொறுப்பில்லை.

நானும் விடுதியில் வளர்ந்தவன்தான். மணி அடித்தால் எழுந்து, மணி அடித்தால் வரிசையில் நின்று, வெளுப்புக்குப் போகும் சட்டைக் காலரில் பெயருக்குப் பதில் எண்ணைப் போட்டுக்கொண்டு, வார்டன் பிரித்துப் படித்த பிறகே கைக்கு வரும் அம்மாவின் கடிதத்தை வாங்கிக்கொண்டு இருக்கும் பிள்ளைக்கு, தனக்கென்று தனியாக எதுவுமே கிடையாது. அந்த இடத்தில் ஒருத்தி உங்களை மட்டும் கவனித்திருக்கிறாள், எழுந்தும் வந்திருக்கிறாள். அது மறக்குமா? போதாக்குறைக்கு, நாற்பதைத் தாண்டியவர்களுக்குப் பத்திலிருந்து முப்பது வயது வரை நடந்தவைதான் அதிகமாக நினைவுக்கு வரும் என்று நினைவாற்றல் ஆய்வுகள் பலமுறை காட்டியிருக்கின்றன. நீங்களும் இப்போது நாற்பதைத் தாண்டியவர்தான்.

அவள் பக்கத்திலிருந்து பாருங்கள். அன்றைக்கு அவள் அப்பா அம்மா வந்திருந்தார்கள், நல்ல ஞாயிற்றுக்கிழமை. ஒரு பையன் தனியாக உட்கார்ந்திருந்தான், போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவள் சுபாவமே அப்படி என்றால் இன்னும் நாலு பேர் பக்கத்திலும் உட்கார்ந்திருப்பாள், ஒன்றும் நினைவிருக்காது. உங்களுக்குக் கொஞ்சம் வலிக்கும், தெரியும். ஆனால் நினைவு வைத்துக்கொண்டு செய்கிறவர்களைவிட இப்படிப்பட்டவர்களைத்தான் எனக்குப் பிடிக்கும்.

இனி செய்ய வேண்டியது, சரி, செய்யக்கூடாதது: நோட்டு அட்டை இன்ன நிறம், அன்றைக்கு மழை என்று சாட்சி சொல்லி அவளை ஒத்துக்கொள்ள வைக்கப் பார்க்காதீர்கள். பாவம், குற்றம் செய்த மாதிரி ஆகிவிடும். மனைவி சிரித்தால் சிரிக்கட்டும், கோபித்துக்கொள்ளாமல் சிரிக்கிறாரே. வேண்டுமானால் அவளுக்கு அந்தக் காலத்தில் யாரெல்லாம் ஞாபகம் இருக்கிறார்கள் என்று கேளுங்கள். வேறொரு பையன் பெயரைச் சொல்வாள், அவன் அதே குழுவில் இருப்பான், அவனுக்கு இவளைச் சுத்தமாக நினைவிருக்காது.